மந்தை போனால் பள்ளியும் போகிறது

கோலாலம்பூர் செந்தூலில் தாத்தா மாடு வளர்த்து சைக்கிளில் பால் ஊற்றியவர். அப்பா பள்ளி விட்டதும் புல் அறுக்கப் போவாராம். மாடும் இருந்தது, படிப்பும் நடந்தது.

வட கென்யாவின் துர்கானா, போக்கோட், சம்புரு என்ற மேய்ச்சல் இனங்களின் பிள்ளைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான் வருகிறது. அங்கேயும் பையன்கள்தான் மேய்க்கிறார்கள், ஆனால் பக்கத்து இனத்தார் மந்தையைக் கவர வந்தால் முதலில் குண்டுக்கு முன்னால் நிற்பதும் அவர்கள்தான். மாடு கவர்வது பழைய வழக்கம், ஒருகாலத்தில் ஈட்டியோடு நடந்தது. 1979இல் இடி அமீன் ஆட்சி விழுந்தபோது உகாண்டாவின் மொரோட்டோ படைமுகாம் ஆயுதக்கிடங்கு சூறையாடப்பட்டது, அப்புறம் சோமாலியா, சூடான் போர்களிலிருந்தும் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

ஒரு தாக்குதல் நடந்தால் ஊரே இடம் பெயர்கிறது, ஆசிரியர்கள் போய்விடுகிறார்கள், பள்ளி பூட்டப்படுகிறது. பெண் பிள்ளைகள் நிலைமைதான் எனக்குத் தாங்கவில்லை: மந்தையை இழந்த குடும்பம், பரிசமாக வரும் மாடுகளுக்காக, படிக்க வேண்டிய மகளைச் சீக்கிரமே கட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை கென்யா 1990லேயே ஏற்றது, கட்டாய இலவச ஆரம்பக் கல்வியும் அதில் உண்டு. ஆனால் பள்ளி திறந்திருக்க முதலில் துப்பாக்கி ஓய வேண்டும். சரி, அரசு ஒரு இனத்திடம் மட்டும் ஆயுதத்தைப் பறித்துவிட்டுப் போனால் மறுநாள் அவர்களை யார் காப்பது? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆயுதத்தைக் களைய வேண்டும், மந்தையோடு நகரும் பள்ளிகளும் அதிகம் வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா?” என்று கேட்டார்.