ஷேடோ கோப்பில் மாறாத தேதி

“பாஸ்வேர்டை என்கிட்டயே கேட்டிருக்கலாமே, தம்பி” என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. கஞ்சிக்கோட்டு ஆலையில் எனக்கு முன்பு சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். வேலையை விட்டுவிட்டுக் கொழிஞ்சாம்பாறையில் தன் தென்னந்தோப்போடு இருக்கிறார். கணக்குப் பிரிவின் விர்ச்சுவல் மெஷினுக்கான (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிக்கான) ரூட் பாஸ்வேர்டு, அதாவது முழு அதிகாரமுள்ள பயனரின் பாஸ்வேர்டு, எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. “அவரைக் கூப்பிட வேண்டாம், நீங்களே திறந்துடுங்க” என்றார் மேலாளர். மெஷின் ஆலையுடையது, உத்தரவு மேலாளருடையது என்பதால் திறந்தேன்.

செய்த முறையில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டிஸ்க்கை வெளியிலிருந்தும் எழுதும்படி மவுண்ட் செய்தால் (கோப்புகளைத் திறக்க இணைத்தால்), இரண்டு கெர்னல்கள் (இயங்குதளங்களின் மையப் பகுதிகள்) ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் எழுதி அதைக் குலைத்துவிடும். அதனால் முதலில் மெஷினை முழுமையாக நிறுத்தினேன். சரியாக மூடப்படாத எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் தன் ஜர்னலை (முடிக்காமல் விட்ட மாற்றங்களின் குறிப்பை) ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும் என்பதால், மெஷினின் டிஸ்க்காக இருக்கும் மூல கியூகவ்2 கோப்பை அடியில் வைத்து அதன்மேல் ஒரு புதிய அடுக்கை உருவாக்கி, எழுதுவதெல்லாம் அந்த அடுக்கில் மட்டுமே விழும்படி செய்தேன். பிறகு அதை என்பிடி சாதனமாக, அதாவது உண்மையான டிஸ்க் போலத் தெரியும்படி, இணைத்து, பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, பாஸ்வேர்டு விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைத் திறந்தேன்.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி உண்டு, புலங்களை முக்காற்புள்ளிகள் பிரிக்கும். இரண்டாவது புலத்தில் பாஸ்வேர்டின் ஹாஷ், அதாவது திருப்பிப் படிக்க முடியாத உருமாற்றம், இருக்கும். மூன்றாவதில், அந்தப் பாஸ்வேர்டு கடைசியாக மாற்றப்பட்ட நாள், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்களாக இருக்கும். உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும். வெளியிலிருந்து எடிட்டரில் திருத்தினால் நாம் தொட்டது மட்டும் மாறும். நான் இரண்டாவது புலத்தை மட்டும் தொட்டேன். பிறருடைய டிஸ்க்கில் எவ்வளவு குறைவாகக் கைவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் பழக்கம். பிறகு அந்த அடுக்கிலிருந்தே மெஷினைக் கிளப்பினேன்.

வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடையில் அவரைத் தற்செயலாகப் பார்த்தபோது நடந்ததை நானே சொன்னேன். முதலில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். சற்று நேரம் கழித்து, “மூணாவது எண்ணை மாத்தினீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ அந்த பாஸ்வேர்டை நான் வெச்சதாத்தானே மெஷின் சொல்லும்?” என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பாஸ்வேர்டு எப்படி மாறியது என்பது மெஷினின் லாக்கில் (நடப்பதை மெஷின் தானே குறித்துவைக்கும் பதிவில்) இல்லை, ஏனென்றால் அது மாறியபோது மெஷின் ஓடவே இல்லை. கோப்பின் நேரமுத்திரை நான் திருத்திய நேரத்தைக் காட்டும், ஆனால் அடுத்த மாற்றத்தில் அதுவும் அழிந்துவிடும். கணக்கில் ஏதாவது வில்லங்கம் வந்து யாராவது உள்ளே பார்த்தால், அவர்கள் கண்ணில் படுவது அவர் வேலையில் இருந்த காலத்தின் தேதிதான். ஆனால் அன்றைய தேதியை இட்டிருந்தாலும், யாரோ உள்ளே நுழைந்து முறைப்படி மாற்றியதாகத்தான் அது காட்டியிருக்கும், அதுவும் உண்மையில்லை. ஆலைப் பதிவேட்டில் நாள், நேரம், உத்தரவிட்டவர் எல்லாம் எழுதியிருக்கிறேன்; மெஷினைச் சோதிப்பவர் பதிவேட்டைத் தேடி வருவாரா என்பது வேறு விஷயம்.

டிஸ்க் கோப்பு கையில் இருப்பவருக்கு ரூட் பாஸ்வேர்டு ஒரு தடையே அல்ல, என்கிரிப்ஷன் (டிஸ்க்கையே பூட்டும் குறியாக்கம்) இருந்தால் மட்டுமே தடை. அது இருந்தால் மெஷின் கிளம்பும்போது யாராவது சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும். மின்சாரம் போய் வந்தால் ஆள் இல்லாமலேயே மெஷின் கிளம்ப வேண்டும் என்பதால் அவர் என்கிரிப்ஷன் வைக்கவில்லை, அது நியாயமான முடிவு. அப்படியென்றால் அவரைக் கேட்பது வெறும் மரியாதைதானா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படியும் இல்லை. அவரிடம் வாங்கிய பாஸ்வேர்டால் நுழைந்து மாற்றியிருந்தால் தேதியும் லாக்கும் தாமாகவே சரியாக அமைந்திருக்கும், மெஷினை நிறுத்தவும் தேவையிருந்திருக்காது. மேலாளர் சொன்ன வழியைவிட அதுதான் நல்ல வழி. ஆனால் கூப்பிட வேண்டாம் என்று சொன்ன பிறகு நானாகப் போய்க் கேட்பது என் அதிகாரத்தில் இருந்ததா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

மறுநாள் உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை முறைப்படி மாற்றினேன். இப்போது அந்தப் புலத்தில் நான் மாற்றிய நாள் இருக்கிறது, லாக்கிலும் அதற்கு வரி இருக்கிறது. நடுவில் போன நாட்களுக்கு மெஷினுக்குள் எந்தச் சாட்சியும் இல்லை. அவரிடம் போனில் இதைச் சொன்னபோது, பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.