ரைஃபிள் வாங்கும் முன் சான்றிதழைப் படியுங்கள்

போன வாரம்தான், இங்கே தென்னாப்பிரிக்காவில், பொங்கோலா பக்கத்து வேட்டைப் பண்ணை ஒன்றிலிருந்து இம்பாலா மான் இறைச்சியோடு டர்பனுக்குத் திரும்பினேன். இந்த ஒரு பயணத்துக்காக, ரைஃபிள் வாங்கி உரிமம் எடுப்பதில் தொடங்கி, ஒன்றரை ஆண்டு அலைந்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நான் ஒரு வரியைப் படிக்காததாலும், பார்த்தவர்கள் சொல்லாததாலும் வீணாய்ப் போனது. நம்மவர்களில் சிலர் இப்போது அதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என்னிடம் எட்டு ஆண்டாக, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் .30-06 ரைஃபிள் இருக்கிறது. வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதன் உதையைத் தாங்க முடியவில்லை. சுட்டு முடிந்த இரவெல்லாம் தூக்கம் இல்லை. வாயு அழுத்தத்தில் இயங்கி, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக்கில் உதை மெத்தென்று இருக்கும் என்று மாமா சொன்னார். சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்கும், குளிர்காலத்தில் வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று முடிவு செய்தேன்.

தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால், அவருடைய துப்பாக்கியை மற்றவர் சுடுதளத்தில் சுட்டுப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி மூன்றைச் சுட்டுப் பார்த்தேன். .223 தோட்டா போடும் ஏ.ஆர்.-15 வகை சுடுதளத்தில் தேன்போல இருந்தது. உதையே தெரியவில்லை, தோட்டாவும் மலிவு. ஆனால் அதில் வழக்கமாகப் போடும் குண்டு 55 கிரெய்ன், சுமார் மூன்றரை கிராம்தான். பெரிய கிடா இம்பாலா எழுபது கிலோவைக்கூடத் தாண்டும். இதயம், நுரையீரல் பக்கம் சரியாகப் பட்டால் விழும். தோள் எலும்பில் பட்டால்? பல ஆண்டுகளுக்கு முன் காயப்பட்ட ஒரு மானை முள்ளுக்காட்டில் இருட்டும் வரை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. அந்த நாள் இன்னும் மனத்தை அறுக்கிறது. அதனால் .223 வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

.308 போடும் ஏ.ஆர்.-10 வகை எல்லா வகையிலும் நல்லதுதான். ஆனால் ஸ்கோப்பும் தோட்டா நிரப்பிய மேகசினும் சேர்ந்தால் ஐந்து கிலோவை நெருங்குகிறது. தைத்த தோளில் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியாது. மூன்றாவது, 1967 முதல் விற்பனையில் இருக்கும் பிரௌனிங் பி.ஏ.ஆர்., அதே .308-இல். மரக்கட்டை, மெல்லிய குழல், எடை மூன்றரைக் கிலோவுக்குள். மேகசினில் நான்கு தோட்டா. பத்துப் பதினைந்து குண்டு தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறிக் குறி சிதறுகிறது என்பது இதன் குறை. நான்கு சுட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிக்கொண்டால் போதும். இதையே எடுத்தேன்.

இங்கிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

பயிற்சி முடித்தவருக்குக் காவல்துறை தரும் தகுதிச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரைஃபிளுக்கு இருக்கிறது, போதும்" என்றார். பணம் கட்டினேன். உரிம விண்ணப்பமான 271-ஆம் படிவத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணையே எழுத வேண்டும். எனவே முதலில் துப்பாக்கியை முடிவு செய்து, அதைக் கடையிலேயே விட்டுவைத்து, பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். தைப்பூசம் முடிந்த வாரம் காவல் நிலையத்துக்குப் போனேன். துப்பாக்கிப் பிரிவு அதிகாரி நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை போனபோது, நீல மையில் எழுதியிருக்கிறேன், கறுப்பு மையில்தான் எழுத வேண்டும் என்று திருப்பிவிட்டார். மூன்றாம் முறை, சான்றொப்பமிட்ட நகல்களின் முத்திரை மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது என்றார். நான்காம் முறை எல்லாம் சரியாக இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் என் தகுதிச் சான்றிதழில் ஒரு வரியின் மேல் நின்றது. 'கையால் இயக்கும் ரைஃபிள் அல்லது கார்பைன்' என்று இருந்தது அந்த வரி.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்குத் தனிப் பயிற்சி, தனித் தகுதி வேண்டும். கைத்துப்பாக்கிக்கு ஒன்று, ஷாட்கன்னுக்கு ஒன்று என்று இருப்பதுபோல ரைஃபிளுக்குள்ளேயே இரண்டு வகை. போல்ட் ஆக்‌ஷனுக்கு வாங்கிய சான்றிதழ் இதற்குச் செல்லாது. எட்டு ஆண்டாக அலமாரியில் இருந்த என் சான்றிதழை நான் ஒரு தடவைகூட முழுதாகப் படிக்கவில்லை. அது என் தவறு. ஆனால் அதே தாளை அதே அதிகாரி அதற்கு முன் இரண்டு முறை கையில் வாங்கிப் பார்த்தார். மையின் நிறத்தைக் கவனித்த கண்ணுக்கு அந்த வரி தெரியவில்லையா? முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பயிற்சி ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது. மறுபடியும் விரல் ரேகை, மறுபடியும் விண்ணப்பம், வீட்டில் மனைவியிடமும் விசாரணை. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தின் சோதனையில் சிக்கல் இல்லை. புதிய தகுதி கைக்கு வர நான்கு மாதம் ஆனது. இதற்கிடையில் கடைக்காரர் துப்பாக்கியைப் பாதுகாத்து வைத்ததற்கு மாத வாடகை கேட்டார். நான் அவர் கொடுத்த ரசீதை எடுத்துக் காட்டினேன். 'தகுதிச் சான்றிதழ் சரி' என்று அவர் கையாலேயே அதில் எழுதியிருந்தார். மறுபேச்சு இல்லாமல் வாடகையைத் தள்ளுபடி செய்தார். கடையில் எதைச் சொன்னாலும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு எப்போதாவது வேட்டையாடுபவர்களுக்கானது. என் பழைய .30-06 அதில்தான் இருக்கிறது. செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அந்தப் பிரிவு இடம் தராது. 16-ஆம் பிரிவில் போக வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற வேட்டை அல்லது சுடும் சங்கத்தில் தொடர்ந்து ஈடுபடும் உறுப்பினர் என்று பதிவாகியிருக்க வேண்டும். சங்கத் தலைவரின் பிரமாண வாக்குமூலமும் வேண்டும். நான் இரண்டு ஆண்டாகப் போட்டிகளில் சுட்டு வந்ததால் தப்பித்தேன். பணம் கட்டியபிறகு சங்கத்தைத் தேடினால் இன்னும் ஓர் ஆண்டு போயிருக்கும்.

துப்பாக்கி ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் காரணக் கடிதத்தையும் அலட்சியமாக எழுதாதீர்கள். நான் முதலில் அரைப் பக்கம் எழுதினேன். சங்கத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, உன்னிடம் ஏற்கெனவே ஒரு ரைஃபிள் இருக்கிறது. இது எதற்கு என்று இதில் எங்கே சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டார். உட்கார்ந்து திரும்ப எழுதினேன். எந்தப் போட்டிகள், எந்த மிருகங்கள், ஏன் .308, பழைய துப்பாக்கியால் தோளுக்கு என்ன ஆகிறது என்று நான்கு பக்கம் ஆனது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்தேன். அந்தக் கடிதத்தோடு போன விண்ணப்பம் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது.

தீபாவளிக்கு முந்திய வாரம் உரிம அட்டை வந்தது. கடையிலேயே நின்று, அட்டையில் உள்ள வரிசை எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். இந்த உரிமம் 10 ஆண்டுக்குச் செல்லும். காலாவதிக்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைப் பெட்டகக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இங்கே தீபாவளிக்குப் பிறகுதான் கோடை. வேட்டைக் காலம் முடிந்துபோயிருந்ததால் அது முழுவதும் சுடுதளத்தில்தான் கழித்தேன். பிரிட்டோரியாவில் தயாராகும் பி.எம்.பி. தோட்டாவில் 150 கிரெய்ன் குண்டு இதற்கு நன்றாக ஒத்துப்போகிறது. நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரு தீப்பெட்டி மறைக்கும் இடத்துக்குள் விழுந்தன. பத்தாவது குண்டுக்குப் பிறகு அதே இடம் உள்ளங்கை அகலமானது. தோள் வலிக்கவில்லை. அன்றிரவு அயர்ந்து தூங்கினேன்.

பண்ணைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கும்போதே, செமி-ஆட்டோமேட்டிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேட்டை விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பண்ணைக்குப் பண்ணை விருப்பமும் மாறும். அவர் யோசித்துவிட்டு, மேகசினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நூற்றுப் பத்து மீட்டரில் ஒரே குண்டு. இம்பாலா நாற்பது அடி ஓடி விழுந்தது. தேட வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று மாமி பாதி இறைச்சியைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் பார்த்த மச்சானுக்கும் இப்போது ஆசை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி பார்க்கப் போகலாமா என்று கேட்டான். முதலில் உன் தகுதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன்.