மாமியும் முட்டை வெள்ளையும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாமிக்கு டயலிசிஸ். வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுப்பு: "முந்திப் புரதத்தைக் குறை, குறை எண்டினம். இப்ப கூட்டட்டாம். ஆருக்கு விசர்?"

இரண்டு பேச்சும் சரிதான். டயலிசிஸுக்கு முன், புரதக் கழிவை வெளியேற்றும் பாரம் பழுதான சிறுநீரகத்தின் மேல் விழும். அதனால் குறைக்கச் சொல்வார்கள். இப்போது கழிவை மெஷின் எடுக்கிறது, கூடவே கொஞ்சம் அமினோ அமிலத்தையும் எடுத்துவிடுகிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டுமாம். மாமி 50 கிலோ, ஆக 50 முதல் 60 கிராம். இந்தக் கணக்கை டயலிசிஸ் தொடங்காதவர்கள் பின்பற்றக் கூடாது.

மார்ச் 5, புதன்

முட்டை வெள்ளை போட்ட கோவா வறை. மாமிக்குப் பொட்டாசியம் கூடக் கூடாது, கோவாவில் அது குறைவு. இருந்தாலும் மெல்லிசாக அரிந்து அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டேன். தாச்சியில் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை, மஞ்சள். கோவா வதங்கியதும் மூன்று வெள்ளைக்கருவை ஊற்றிக் கிளறி, மிளகுதூள், இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி. உப்பே போடவில்லை. மாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது பெரிய பாராட்டு.

ஒரு வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் 5 மில்லிகிராம்தான். மஞ்சட்கருவிலோ 65 அளவில் இருக்கும். டயலிசிஸால் பாஸ்பரஸை முழுதாக எடுக்க முடியாது. அது கூடினால் உடம்பு கடிக்கும், எலும்பும் பழுதாகும். மிஞ்சும் மஞ்சட்கருக்கள் மகனின் பாணுக்குப் போகின்றன. அவனுக்கும் அலுத்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' கண்ணில் பட்டது. பின்பக்கத்தைப் படித்தால் பொட்டாசியம் குளோரைட். வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இரவு அப்பம். மாவில் தேங்காய்ப்பால் கொஞ்சம்தான், நடுவில் இரண்டு வெள்ளைக்கரு, மிளகு. முட்டையைவிட அதற்குத் தொட்டுக்கொள்வதுதான் தொல்லை. மாசிக் கருவாடு போட்ட கட்டசம்பல் உப்பும் தாகமும். தண்ணீரை அளந்து குடிக்கிறவருக்கு அது ஆகாது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடித்துத் தேசிக்காய் பிழிந்தேன்.

"மாசி எங்க?"

"முடிஞ்சுது மாமி." டப்பா நிறைய இருக்கிறது.

நாளை வெள்ளி, வீட்டில் மரக்கறி. முட்டை குசினிப் பக்கமே வராது. பருப்பில் பொட்டாசியமும் உண்டு, பாஸ்பரஸும் உண்டு. எவ்வளவு போடலாம் என்று காலையில் டயட்டீஷியனிடம் கேட்க வேண்டும்.