பிள்ளையார்பட்டிக் குகையும் வைரவன்பட்டிச் சிற்பமும்

பிள்ளையார்பட்டிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கற்பக விநாயகரைத் தங்கக் கவசத்தில் தரிசித்துத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அபிஷேக வேளையில் நின்றால்தான் கவசமில்லாத திருமேனியைக் காண முடியும். குன்றைக் குடைந்த கருவறையில், பாறையிலேயே வடித்தெடுக்கப்பட்டு வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் பெருமானுக்கு இரண்டே கரங்கள். துதிக்கை வலப்புறம் சுழித்திருக்கிறது. பாசமும் இல்லை, அங்குசமும் இல்லை. நான்கு கரத்துப் பிள்ளையாரையே கண்டு பழகியவர்களுக்கு இவ்வடிவம் ஏதோ குறைவுபட்டதாகத் தோன்றலாம். நாற்கர வடிவம் நிலைபெறுவதற்கு முற்பட்ட தொன்மை இதில் உள்ளது என்று அறிஞர்கள் கருதுவதை அறிந்தபின் அதே திருமேனியை நோக்கினால், அந்த எளிமையே நம்மை நெகிழச் செய்கிறது. குகையிலுள்ள ஒரு சிறு கல்வெட்டு, தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தைச் சேர்ந்தது. அதில் ‘பெருந்தசன்’ என்று ஒரு தச்சன் குறிக்கப்படுகிறான். பெரும்பாலும் மன்னர்களின் பெயரையே தேடிப் படிக்கும் நாம், உளி பிடித்தவனின் குறிப்பு நிற்கும் இந்த இடத்தில் சற்று நின்று வணங்கிச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கி.பி. 642இல் பல்லவர் வாதாபியை வென்றபின்பே தமிழ்நாட்டிற்குப் பிள்ளையார் வழிபாடு வந்தது என்ற கருத்தை மறுப்பவர்கள், இக்கல்வெட்டின் எழுத்து அதற்கும் முந்தையது என்று கூறி, முதற்சான்றாக இக்குகையையே காட்டுகிறார்கள்.

குகைக்கு முன்னால் விரியும் கருங்கல் மண்டபங்கள் பிற்காலத்தவை என்று சிலர் அவற்றைப் பாராமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இது நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களுள் ஒன்று. பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் வருவாயில் மகமையாக, அதாவது அறப்பங்காக, ஒதுக்கிய பணம் இப்பகுதிக் கோயில்களின் திருப்பணிக்குச் சென்றது. திருமணத்திற்குக் கோயில் மாலை வருவதும், மணமான ஒவ்வொரு குடும்பமும் ‘புள்ளி’ என்ற கணக்கில் பதிவாவதும் இக்கோயில்கள் வழியாகவே. ஒரு குலத்தின் உறவு முழுவதும் இங்கே பிணைந்திருப்பதை உணர்ந்தவர்கள், அந்தத் தூண்களை வெறும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

அருகிலுள்ள வைரவன்பட்டியும் ஒன்பதில் ஒன்று. வளரொளிநாதரையும் வடிவுடையம்மையையும் வயிரவரையும் தரிசித்தபின் ஒரு சிற்பத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அதில் இராமபிரான் ஆஞ்சநேயரைக் கைகூப்பி வணங்குகிறார். எங்கும் இராமன் திருவடியில் பணிந்திருக்கும் அனுமனையே கண்ட கண்களுக்கு, சிற்பி முறையை மாற்றிவிட்டதாகத் தோன்றும். சீதையைக் கண்டு வந்த செய்திக்கு இராமன் செலுத்தும் நன்றி இது என்று கோயிலில் சொல்கிறார்கள்.

அதைக் கேட்டவுடன் கம்பனின் திருவடி தொழுத படலம் என் நினைவுக்கு வந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் அங்கே இராமனின் கழலைத் தொழவில்லை. சீதை இருக்கும் திசை நோக்கித் தலைவைத்து நிலத்தில் விழுந்து வணங்குகிறான், தேவி நலமாக இருக்கிறாள் என்பதை இராமன் அந்த வணக்கத்திலேயே அறிந்துகொள்கிறான். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாடு இது. கம்பனின் சமாதி என்று போற்றப்படும் இடமும் நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. அந்தப் பாடலிலிருந்துதான் இச்சிற்பம் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், வணங்க வேண்டிய தொண்டன் வேறு திசையில் வணங்கியதையும், வணங்கப்பட வேண்டிய தலைவன் தொண்டனையே வணங்கி நிற்பதையும் ஒருசேர எண்ணியபோது, அந்தக் கூப்பிய கரங்களின் முன்னிருந்து அகல எனக்கு மனம் வரவில்லை.