ஏர்வாடியில் மூன்று இரவுகள்

ராமநாதபுரத்தில் இறங்கி, கீழக்கரை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும்வரை தம்பி வாயே திறக்கவில்லை. காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று தூக்கம் கெட்டு ஐந்து மாதம். ஒரு மாதமாக டாக்டர் கொடுத்த மாத்திரை ஓடுகிறது. உம்மாவுக்கோ ஏர்வாடியில் அடங்கியிருக்கும் இறைநேசர் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் வலியுல்லாஹ்வின் தர்காவில் மூன்று நாள் தங்கினால்தான் மனசு ஆறும். சரி என்று மாத்திரைப் பையோடு கிளம்பினோம்.

எனக்குள் பயம் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடித் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் மாண்டார்கள். 28 உயிர். அவுலியாவை, அந்த இறைநேசரை, நம்பி வந்தவர்களைக் கட்டிப்போட்டது மனிதர்கள்தான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்திருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் 'தவா-துஆ' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே கொடுக்கும் அரசுத் திட்டமும் வந்தது.

முற்றத்தில் பாய் விரித்தோம். பக்கத்துப் பாயில் மகளோடு ஒரு வயசான அம்மா, கனவில் அவுலியாவின் உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தார். ஃபாத்திஹா ஓதி வந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கு ராத்திரி மாத்திரை குடுத்தாச்சா? மறந்துடாதேம்மா."

எனக்கு அந்தக் கால மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி நினைவுக்கு வந்தார். 1095இல் பாக்தாதில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு நாக்கு எழவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இது கல்பில், உள்ளத்தில், பிடித்த நோய் என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பதவியை விட்டு டமாஸ்கஸ் போய்த் தனித்திருந்தார். அவருக்கு வந்ததும் தம்பிக்கு வந்ததும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு பெரிய ஆலிமே மனசு நொறுங்கியதை ஒளிக்காமல் எழுதிவைத்தார். நாங்கள்தான் ஐந்து மாதமாகச் சொந்தக்காரர்களிடம் மறைத்தோம்.

மூன்றாம் இரவு உம்மா அவன் முதுகில் கை வைத்து, இறைவனை நினைந்து திக்ரு சொன்னார். 'லா இலாஹ' என்று மூச்சை விட்டு, 'இல்லல்லாஹ்' என்று இழுத்து. ரொம்ப மெதுவாக. கொஞ்ச நேரத்தில் அவன் முதுகும் உம்மாவின் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

"சத்தம் நின்னுடுச்சா?" என்றேன்.

"இல்ல லாத்தா, இருக்கு. உம்மா குரல் அதைவிடக் கிட்டத்துல கேக்குது."

மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு உம்மா மடியில் தலை சாய்த்தான்.