கிழமைக்கு ஒன்று என்பது நாளுக்கு ஒன்றானபோது

திருகோணமலை உவர்மலையில் என்னோடு வசிக்கும் அம்மாவுக்கு வயது 72. இடுப்பு நோவுக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 11 நானோகிராம் மட்டுமே இருந்தது. 20க்குக் கீழே போனால் அது குறைபாடு. ஆகவே வைத்தியர் 50,000 அலகுக் குளிசையைக் கிழமைக்கு ஒன்றாக 8 கிழமைகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடையில் தந்த சிறிய கடதாசி உறையிலோ, சூரியன் படத்துக்குக் கீழே "1" என்று மட்டும் பேனையால் எழுதப்பட்டிருந்தது. அம்மா தினமும் காலையில் ஒன்று விழுங்கினார். எட்டும் முடிந்ததும் வெற்று உறையைக் காட்டி இன்னும் இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். வைத்தியர் எழுதித் தந்த துண்டை எவரும் கேட்கவில்லை. நான் கவனித்தபோது, எட்டுக் கிழமைக்குரிய 4 இலட்சம் அலகுக்குப் பதிலாக, 24 நாட்களில் 12 இலட்சம் அலகு உள்ளே போயிருந்தது. "உறையில காலையில ஒண்டு எண்டுதானே கிடக்கு, பிள்ளை" என்றார். அவரில் பிழையில்லை.

தீராத தாகம், மலச்சிக்கல், ஓங்காளம் ஆகியவற்றை வெயிலின் வேலை என்றுதான் நினைத்திருந்தோம். பரிசோதித்தபோது இரத்தத்தில் கல்சியம் 12.4 ஆக இருந்தது. வழமையான மேல் எல்லை ஏறக்குறைய 10.5. விற்றமின் டி குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்ச வைப்பது, அதனோடு அவர் கல்சியம் குளிசையும் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் சேலைன் ஏற்றி, இரண்டையும் நிறுத்தினார்கள். சிறுநீரோடு வெளியேறிவிடும் விற்றமின் சி போலன்றி, டி கொழுப்பில் தங்கும் என்பதால், கல்சியம் முழுமையாக இறங்க இரண்டு மாதம் பிடித்தது.

அந்த நாட்களில் வீட்டிலிருந்த எல்லாப் போத்தல்களையும் மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய போத்தலில் "25 மைக்ரோகிராம்" என்றிருந்ததைச் சிறிய அளவென்றே எண்ணியிருந்தேன். ஒரு மைக்ரோகிராம் 40 அலகு, ஆகவே அது 1,000 அலகு. எழுபது கடந்தவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 800. வைத்தியர் கண்காணிப்பின்றி 4,000ஐத் தாண்டக்கூடாது. பல்விற்றமின் போத்தலிலும் டி கலந்திருந்தது, அதை நிறுத்திவிட்டோம். நீரிழிவுக்கு மெட்போர்மின் எடுப்பதால் குறையக்கூடிய பி12ஐ மட்டும் வைத்தியர் தொடரச் சொன்னார்.

இப்போது அண்ணாவின் போத்தலிலிருந்து நாளுக்கு ஒன்று, கொழுப்போடு நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் மதியம் மீன்குழம்புச் சோற்றுக்குப் பின் கொடுக்கிறேன். மருந்து உறை எதுவானாலும், கடையை விட்டு இறங்குமுன் துண்டோடு ஒப்பிட்டு, கிழமைக் குளிசையென்றால் "திங்கள் மட்டும்" என்று அங்கேயே எழுதுவிக்கிறேன்.