அப்பாவின் ஸ்கோர் புத்தகம்: பைரேட்ஸ் 2025 நாட்குறிப்பு

மார்ச் 27, வியாழன்

எங்கள் ஊர் பிட்ஸ்பர்கின் பேஸ்பால் அணி பைரேட்ஸுக்குச் சீசன் இன்று தொடங்கியது. முதல் ஆட்டம் மயாமியில். மத்தியானமே அப்பா, ஆட்டத்தைக் கட்டம் கட்டமாகக் குறித்துவைக்கும் ஸ்கோர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு பென்சிலைச் சீவி வைக்கச் சொன்னார். அவருக்கு 78 வயது. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்கள் சரியாகத் தெரிவதில்லை. "இந்த வருஷம் நீ எழுது கண்ணு, நான் சொல்றேன்" என்றார். நாற்பது வருஷமாக அவர் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து விழாத புத்தகம் அது. பென்சிலை வாங்கும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது.

கடைசி இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம். "இன்னும் 161 ஆட்டம் கெடக்குது" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போனார்.

பொள்ளாச்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வந்த புதிதில் அவருக்கு இந்த ஊரில் பழக்கமான ஒரே பொருள் ரேடியோ. ஊரில் கிரிக்கெட் கமென்டரி கேட்டு வளர்ந்தவர். இங்கே சாயங்காலமானால் கே.டி.கே.ஏ. நிலையத்தில் பைரேட்ஸ் வர்ணனையாளர் லானி ஃப்ராட்டேரின் குரல். 1921இல் பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாக ரேடியோவில் ஒலிபரப்பியதே இந்த நிலையம்தான், பைரேட்ஸ் ஆட்டம்தான். அப்பா விதிகளைக் காதால் கற்றார். கேட்டதையெல்லாம் கட்டம் போட்டு எழுதினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொந்த மைதானமான பி.என்.சி. பார்க்கில் முதல் ஆட்டம். எங்கள் வீட்டில் இது ஒரு பண்டிகை மாதிரி. காலையில் பென்ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கேயே புளியோதரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டோம். பி.என்.சி. பார்க்கில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள், கண்ணாடி போன்ற பையில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஆட்ட நாட்களில் கிளமென்டே பாலத்தில் கார்களை நிறுத்திவிடுவார்கள். அந்த மஞ்சள் பாலத்தின் நடு ரோட்டில், கறுப்பும் மஞ்சளும் உடுத்திய கூட்டத்தோடு, கீழே அலெகெனி ஆறு ஓட, என் மகன் அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எனக்கு இது போதும் என்று தோன்றிய நேரம் அது.

நியூயார்க் யாங்கீஸிடம் 9-4 தோல்வி. கடைசியில் கூட்டம் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது, இவ்வளவாவது செலவு செய் என்ற கட்டாயமும் கிடையாது. பெரிய நகரத்து அணிகள் கொட்டிக் கொடுக்கும். எங்கள் அணி வருஷா வருஷம் பட்டியலின் அடியில் கிடக்கும். இதே ஊரில் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் பவுல் வென்றிருக்கிறார்கள், ஐஸ் ஹாக்கியில் பெங்குவின்ஸ் ஐந்து கோப்பை. பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடர் என்ற பேஸ்பால் சாம்பியன் பட்டத்தை வென்றது 1979இல். நான் அப்போது பிறக்கவே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மைதானத்தின் வலது பக்கச் சுவரில் இருந்த 21 என்ற எண்ணை எடுத்துவிட்டு அங்கே ஒரு மது விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள். ஊரே கொதித்தது. தவறு நடந்துவிட்டது என்று அணி ஒப்புக்கொண்டு, எண்ணைத் திரும்ப வைத்துவிட்டது.

21 எங்கள் பழைய வீரர் ராபர்ட்டோ கிளமென்டேயின் எண். பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்ந்தால் அது ஹிட். அப்படிச் சரியாக 3,000 அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவாவில் பூகம்பத்தில் சிக்கியவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் போர்ட்டோ ரிக்கோ கரையோரக் கடலில் விழுந்து இறந்தார். வலது பக்க மதிலின் உயரத்தையே அவருக்காக 21 அடியாகக் கட்டியிருக்கிறார்கள். அப்பா அவர் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நேற்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. "பேரை எடுக்கறதுக்கு மனசு எப்படி வந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மே 8, வியாழன்

38 ஆட்டத்தில் 26 தோல்வி. மேனேஜரை நீக்கிவிட்டார்கள். புதியவர் டான் கெல்லி, இங்கே மவுன்ட் லெபனான் பள்ளியில் படித்த உள்ளூர்க்காரர். நல்லது நடக்கட்டும்.

மே 18, ஞாயிறு

இன்றைய பக்கத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். பிலடெல்பியாவில் எங்கள் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் பந்து போட்டார். 22 வயசுப் பையன், தென்னை மர உயரம், மணிக்கு நூறு மைல் வேகத்தில் எறிகிறவர். எட்டு இன்னிங்ஸ் முழுக்கத் தனியாளாக எறிந்து ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். தோல்வி, 1-0.

புத்தகத்தில் அவர்கள் பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் வரிசையாக 'கே'. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக்-அவுட், அதற்கு அந்த எழுத்துதான் குறி. மட்டையை வீசி ஏமாந்தால் நேர் 'கே'. வீசாமல் நின்றபடியே அவுட் ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்ட 'கே'. அப்பாவுக்குத் திருப்பிப் போட்டதுதான் பிடிக்கும், பிட்சர் ஆளைச் சிலையாக்கிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில், ரன் வரிசையில், சுழி, சுழி, சுழி. அப்பா கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய் அதைப் பார்த்தார். "பாவம், நல்ல புள்ள" என்றார். ஸ்கீன்ஸ் எறியும் நாளில் எங்கள் பேட்டர்கள் அவருக்கு இரண்டு ரன் எடுத்துத் தரக்கூடாதா என்பதுதான் இப்போது என் பிரார்த்தனை.

ஜூன் 11, புதன்

ஆண்ட்ரூ மெக்கட்சன் பைரேட்ஸுக்காக 241ஆவது ஹோம் ரன், அதாவது மதிலைத் தாண்டிய அடி, அடித்தார். கிளமென்டேயின் 240ஐத் தாண்டிவிட்டார். இனி அவருக்கு முன்னால் இருப்பது பழைய வீரர்கள் ஸ்டார்ஜெலும் கைனரும் மட்டும்.

2018 ஜனவரியில் இவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தபோது எங்கள் வீட்டில் துக்க வீடு மாதிரி இருந்தது. 2023இல் அவராகவே இந்த ஊரைத் தேடித் திரும்பி வந்தார். 2013இல் எங்களைக் கரையேற்றியவர் அவர்தானே. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். எனக்குப் பள்ளி முடிந்து, கல்லூரி முடிந்து, கல்யாணமும் ஆகிவிட்டது, அந்த வரிசை மட்டும் முடியவில்லை. அப்புறம் 2013 அக்டோபர் 1. சின்சினாட்டியுடன், வென்றால்தான் அடுத்த சுற்று என்ற ஒற்றை ஆட்டம். நாற்பதாயிரம் பேர் கறுப்பு உடையில். எதிரணிப் பிட்சரின் பெயரைக் கூட்டம் ராகம் போட்டு இழுத்து இழுத்துக் கூவ, அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் கல்யாணத்தன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இதைத் தேதி போட்டு எழுதியே ஆக வேண்டும். போன வாரம் செயின்ட் லூயிஸை மூன்று ஆட்டத்திலும் ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் வென்றோம்: 7-0, 1-0, 5-0. அதற்கு முன்னால் மெட்ஸையும் மூன்று ஆட்டத்திலும் சாத்தியிருந்தோம். மகன் அட்டவணையை எடுத்து, எத்தனை வென்றால் பிளேஆஃப் என்று கூட்டிப் பார்க்க ஆரம்பித்தான். அங்கிருந்து சியாட்டில் போனார்கள். 6-0, 1-0, 1-0. மூன்றிலும் எங்களுக்குச் சுழி. அட்டவணை மேசைக்கு அடியில் கிடக்கிறது. அவனைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி, நள்ளிரவு தாண்டி

நேற்று டேவிட் பெட்னாரை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து மார்ஸ் ஊர்ப் பையன். எங்களைப் போலவே இந்த அணியைப் பார்த்து வளர்ந்து, இந்த அணிக்கே கடைசி இன்னிங்ஸ் எறிய வந்தவர். இன்று டென்வரில் ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே ஒன்பது ரன்! அப்பா கைதட்டினார். "கட்டம் பத்தாது போலிருக்குதே!" பத்தவில்லைதான். 17-16 என்று தோற்றோம்.

பென்சிலை வைத்துவிட்டு வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். எனக்கு 1992 அக்டோபர் 14 ஞாபகம் வந்தது. அட்லான்டாவில், வென்றால் உலகத் தொடர் என்ற ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 2-0 என்று முன்னால் இருந்தோம். இரண்டு அவுட் ஆன பிறகு ஃப்ரான்சிஸ்கோ கப்ரேரா இடது பக்கம் ஒரு ஹிட். பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்குள் சிட் பிரீம் சறுக்கி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டு வெற்றி ரன்னை எடுத்துவிட்டார். இரண்டு வருஷம் முன்வரை எங்களிடம் ஆடியவர், முழங்கால் கெட்டுப்போனவர், மெதுவாக ஓடுகிறவர். பத்து வயசில் நான் இதே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அன்று அப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்று மகன் வந்து உட்கார்ந்தான். அவனும் ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

முடிந்தது. 71 வெற்றி, 91 தோல்வி, பிரிவில் கடைசி இடம். பெரிய லீக் அணிகளிலேயே ஆகக் குறைந்த ஹோம் ரன் எங்களுடையது. ஃபீல்டிங் பிழையால் வந்ததைக் கழித்தால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் கொடுத்திருக்கிறார். அவர் கணக்கில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. இப்படி எறிகிற ஒருவருக்குப் பத்துத் தோல்வி என்றால் அது அவருடைய தோல்வியா? என் மனசு ஆறவில்லை.

புத்தகத்தில் கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதைக் கிழிக்கவோ வேறு எதற்கும் எடுக்கவோ வேண்டாம் என்றார் அப்பா.

அக்டோபர் 13, திங்கள்

இதே ஊரின் ஓக்லாந்து பகுதியில், பைரேட்ஸின் பழைய ஃபோர்ப்ஸ் மைதானத்தின் செங்கல் மதில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது, கொடி படர்ந்து. வருஷா வருஷம் இந்த நாளில் அங்கே கூடுவார்கள். 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்ட ஒலிபரப்பை முதலிலிருந்து ஓடவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்கள். அப்பாவுக்கு ஒரு நாற்காலி, போர்த்திக்கொள்ளச் சால்வை, பிளாஸ்கில் காபி. அந்த இரண்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் மகனிடம் பென்சிலைக் கொடுத்தார். "தம்பி, நீ எழுது. அப்புச்சி சொல்றேன்."

65 வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தை அவன் கட்டம் கட்டமாக எழுதினான். 4-0 என்று முன்னால் போனோம், 7-4 என்று பின்தங்கினோம். எட்டாவதில் ஹால் ஸ்மித்தின் ஹோம் ரன்னோடு ஐந்து ரன், 9-7. யாங்கீஸ் திரும்பவும் 9-9 ஆக்கினார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்த கூட்டம்தான், ஆனாலும் பேச்சு நின்றுபோனது. சரியாக 3.36 மணிக்கு எங்கள் மேசராஸ்கி அடித்த பந்து மதிலைத் தாண்டியது, ஜெயித்தோம். முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

மகன் கூச்சலுக்கு நடுவில் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.

"அப்புச்சி, நான் ஏதோ விட்டுட்டேன். ஒரு 'கே'கூட இல்லையே."

"விடலை தம்பி. அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஒருத்தர்கூட ஸ்ட்ரைக்-அவுட் ஆகலை. உலகத் தொடர்ல அப்படி நடந்தது அந்த ஒரு ஆட்டம்தான். நீ எழுதினது சரி."

அவன் திரும்ப முதல் கட்டத்திலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினான். அப்பா காபியைக் குடித்துக்கொண்டே அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.